பாசி என்றொரு பெயர், அசோலா என்றொரு தீவனம்

நெய்யாற்றின்கரைக்கு அருகே ஒரு வீட்டின் பின்புறம், தொழுவத்தை ஒட்டிய சிறு தொட்டியில் அசோலா வளர்வதைக் கண்டேன். வீட்டுக்கார அம்மா அதைப் 'பாயல்' என்றார். உடன் வந்த நாகர்கோவில் நண்பர் 'பாசி' என்றார். தாவரவியலின்படி இரண்டும் பிழை. அசோலா ஒரு நீர்ப்பெரணி. ஆயினும் இந்தப் பிழைக்குள் ஒரு வரலாறு உறைந்திருக்கிறது.

பாசி, பசுமை, பசலை மூன்றும் ஒரே வேரின. குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர் பசலைக்குக் கேணிப் பாசியை உவமை ஆக்குகிறார்: தொட்டால் விலகும், விட்டால் மீண்டும் பரவும். அங்கே பாசி என்பது வகைப்பாட்டுப் பெயரன்று. நீரை மூடும் பசுமைக்கான பெயர். அவ்வகையில் அசோலாவும் பாசியே. மேலும், அதன் இலைக்குழிகளில் நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிர் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது. அசோலாவின் புரத வளத்துக்கு இக்கூட்டு வாழ்வே அடிப்படை.

கேரளத்தில் 'பாயல்' என்ற சொல்லுக்குக் கசப்பான நினைவும் உண்டு. குட்டநாட்டின் வயல்களையும் தோடுகளையும் அடைத்த 'ஆப்பிரிக்கன் பாயல்' பாசியும் அன்று, ஆப்பிரிக்காவினதும் அன்று; தென்கிழக்குப் பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட சால்வினியா என்னும் பெரணி. 1980களில் அதே தாயகத்தைச் சேர்ந்த கூன்வண்டு ஒன்றை விட்டே அதைக் கட்டுப்படுத்தினர். அசோலாவும் சால்வினியாவும் ஒரே குடும்பத்தவை. ஒன்றை அழிக்க வண்டு கொண்டுவந்த நிலத்தில் மற்றொன்றை விதைப்பொருளாகக் கொடுத்து வளர்க்கச் சொன்னால், முதிய உழவர் தயங்குவதில் வியப்பில்லை.

சீனத்திலும் வியட்நாமிலும் அசோலா நெடுங்காலமாக நெல்வயலின் பசுந்தாள் உரம். இந்தியாவிலும் 1970களில் கட்டாக்கின் மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதை உரமாகவே ஆராய்ந்தது. வயலிலிருந்து தொழுவத்துக்கு அதைக் கொண்டுவந்த முயற்சிகளில் முக்கியமானது, 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாயிருந்த கன்னியாகுமரியில் நடந்தது. விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள மேம்பாட்டுத் திட்டத்தில் பி. கமலாசனன் பிள்ளையும் உடன் உழைத்தவர்களும் வீட்டளவிலான முறையை வகுத்தனர். 2 மீட்டர் நீளமும் அகலமும் கொண்ட ஆழமற்ற குழி, அடியில் சில்பாலின் விரிப்பு, சலித்த மண், சாணக்கரைசல், சிறிதளவு சூப்பர் பாஸ்பேட், 10 சென்டிமீட்டர் அளவுக்கு நீர். குழி நிரம்பியபின் நாளொன்றுக்கு 500 முதல் 600 கிராம் வரை அள்ளலாம் என்றனர்.

2005இல் லீசா இதழில் வெளியான அவர்களது கட்டுரை, வழக்கமான தீவனத்தோடு நாள்தோறும் 1.5 முதல் 2 கிலோ அசோலா சேர்த்தபோது பால் 15 முதல் 20 விழுக்காடு கூடியதாகக் கூறுகிறது. இங்கே சிறு கணக்கு தேவை. பச்சை அசோலாவில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீர். 2 கிலோவில் உலர்பொருள் 200 கிராமுக்கும் குறைவு. அதில் கால்பங்கு புரதம் எனக் கொண்டாலும் 50 கிராமை எட்டாது. ஒரு லிட்டர் பாலிலேயே 30 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. 10 லிட்டர் கறக்கும் பசுவில் கூடுதலாகச் சுரக்கும் ஒன்றரை, இரண்டு லிட்டரை இப்புரதம் மட்டும் விளக்காது. ஆசிரியர்களே இதை உணர்ந்து, கரோட்டினாய்டு முதலிய பிற கூறுகள் காரணமாகலாம் என ஊகித்தனர். பின்வந்த பரப்புரைகளில் ஊகம் உதிர்ந்து விழுக்காடு மட்டும் எஞ்சியது. ஒரு பசுவுக்கே மூன்று நான்கு குழிகள் வேண்டும் என்பதும் பேசப்படவில்லை.

இது அசோலாவை மறுக்கும் வாதமன்று. அந்த அம்மா தம் கோழிகளுக்கு அள்ளிப் போடும் இரண்டு கைப்பிடி, கடையில் வாங்கும் தீவனத்தைச் சற்றே குறைக்கிறது. அவர் எதிர்பார்ப்பதும் அவ்வளவே. பெயரில் நேர்ந்த பிழை யாரையும் ஏமாற்றவில்லை. எண்ணில் நேரும் பிழை சிறு உழவரின் உழைப்பை வீணாக்கும்.

உங்கள் வட்டாரத்தில் அசோலாவை மக்கள் எப்பெயரால் வழங்குகிறார்கள்? ஊர்ப்பெயரோடு எழுதினால் தொகுத்துக்கொள்வேன்.