கசௌலியும் குன்னூரும்: நாய்க்கடி மருந்தின் வரலாறு

நாய் வளர்க்கும் இல்லங்களில் அதன் உணவைப் பற்றியும், அதற்குக் கற்பிக்க வேண்டிய பழக்கங்களைப் பற்றியும் மிகுதியாகப் பேசுகிறோம். ஆண்டுதோறும் அதற்குப் போட வேண்டிய ஊசியைப் பற்றிப் பேசுவது குறைவு. அச்சிறிய ஊசிக்குப் பின்னே நெடிய சரித்திரம் ஒன்று உண்டு. அதில் இமயமலைச் சாரலுக்கும் நம் நீலகிரிக்கும் பங்கு உண்டு.

வெறிநாய்க்கடி பாரத நாட்டுக்குப் புதிய துன்பமன்று. நோயாளி நீரைக் கண்டு அஞ்சும் கொடுமையைச் சுசுருதரின் வைத்திய நூல் குறிப்பிடுகிறது. அதனை ஜலத்ராசம் என்கிறது. கிரேக்கர் இட்ட பெயருக்கும் நீரச்சம் என்பதே பொருள். அக்குறி தோன்றிய பின் நோயாளி பிழைப்பதரிது என்பதையும் நம் முன்னோர் கண்டிருந்தனர். இன்றும் நிலைமை ஏறக்குறைய அதுவே. ஆயினும் நோய்க்கிருமி நரம்புகளின் வழியே மெல்ல ஊர்ந்துதான் மூளையை அடைகிறது. அதற்குப் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளியே மனிதனுக்குக் கிடைத்த வாய்ப்பு.

அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக் காட்டியவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாயால் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவரது மருந்து செலுத்தப்பட்டது. சிறுவன் பிழைத்தான். அதன் பின்னர் பல ஆண்டுகள் இந்தியாவிலிருந்து கடிபட்டோர் சிலர் சிகிச்சைக்காகக் கப்பலேறிப் பாரிஸ் செல்ல நேர்ந்தது. பொருள் படைத்தோர்க்கும் அரசாங்கத்தின் ஆதரவு பெற்றோர்க்குமே அது இயலும். ஏழைக்கு ஏது கதி?

1900ஆம் ஆண்டில் சிம்லா மலைகளை அடுத்த கசௌலியில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. கன்னியாகுமரியில் கடிபட்டவனுக்கோ கசௌலியும் ஏறத்தாழப் பாரிஸ்தான். 1902இல் ஆங்கில யுவதி ஒருவர் இந்நோயால் மாண்டபின், தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் இந்தியாவுக்கு அளித்த நன்கொடையின் ஒரு பகுதி இதற்கு உதவியது. 1907இல் குன்னூரில் நிலையம் திறக்கப்பட்டது. அவரது கொடையின் மற்றொரு பகுதியால் பீகாரில் பூசா என்னும் ஊரில் விவசாய ஆராய்ச்சிச் சாலை எழுந்தது. 1934இல் ஏற்பட்ட பூகம்பத்திற்குப் பின், 1936இல் அது தலைநகருக்கு மாற்றப்பட்டது. டில்லி வாழ் அன்பர்கள் நாள்தோறும் சொல்லும் ‘பூசா’ என்ற பெயர் அவ்வாறு வந்ததே.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் புதிய முறை ஒன்றை வகுத்தார். ஆட்டின் மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று செய்த மருந்து அது. அதனைத் தொலைவிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்ப முடிந்தது. நோயாளி மலையேறிய நிலை மாறி, மருந்தே நோயாளியைத் தேடி வந்தது. எனினும் அதில் குறையும் இருந்தது. வயிற்றில் பதினான்கு ஊசிகள் வரை போட்டுக்கொள்ள நேர்ந்தது. மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்குப் பக்கவாதமும் கண்டது. உயிரணு வளர்ப்பு முறையில் செய்த பாதுகாப்பான மருந்துகள் வந்த பின், 2004ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் செம்பிள் மருந்தின் தயாரிப்பு நின்றது. ஆயினும் வயிற்றில் போடும் ஊசியைப் பற்றிய பழைய அச்சம் இன்னும் மறையவில்லை. அவ்வச்சத்தால் கடியை மறைப்போரும் உளர். இன்று தோளில் போடும் சில ஊசிகளே போதும்.

இச்சரித்திரம் நமக்கு உணர்த்தும் கடமைகள் சில. நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஊசி போட வேண்டும். பின்னர் அவர் குறிக்கும் நாட்களில் தவறாது தொடர வேண்டும். பூனைக்கும் இது பொருந்தும். வெளியே அழைத்துச் செல்லும்போது நாயைச் சங்கிலியில் பிடித்தே செல்லல் வேண்டும். உண்ணும் நாயையும், குட்டிகளுடன் படுத்திருக்கும் நாயையும் தொடலாகாது எனக் குழந்தைகளுக்குக் கற்பித்தல் வேண்டும். கடியோ கீறலோ பட்டால் அஞ்சாது உடனே சொல்லும்படி அவர்களைப் பழக்குவது அதனினும் முக்கியம்.

கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி முதலியவற்றைத் தடவற்க. அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க. ஆழ்ந்த காயமாயின், மருத்துவர் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்; அதனை மறுக்கலாகாது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மொழித் தயக்கம் ஒரு தடை. ஆதலால் அருகிலுள்ள எந்த ஆஸ்பத்திரியில் இம்மருந்து கிடைக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்து எழுதி வைத்தல் நலம். ஊசிகள் முடியுமுன் ஊருக்குப் புறப்பட நேர்ந்தால், சீட்டைக் கையோடு கொண்டு சென்று அவ்வூர் ஆஸ்பத்திரியில் தொடரலாம். இடையில் நிறுத்துதல் கூடாது. ஒரு காலத்தில் கடல் கடந்து தேட வேண்டியிருந்த மருந்து இன்று நம் தெருவுக்கு அருகே வந்திருக்கிறது. அதை நாடிச் சென்று பெறுவது நம் பொறுப்பு.