வினா விடுக்காமலே

இலங்கைப் பாராளுமன்றத்தின் ஹன்சாட் பதிவில் ஒவ்வொரு விவாதத்துக்கும் இரண்டு கரைகள் உண்டு. ஓர் உறுப்பினர் பிரேரணையை முன்வைக்க, இன்னொருவர் வழிமொழிந்ததும், ‘வினா எடுத்தியம்பப்பெற்றது’ என்று அச்சாகிறது. பேச்செல்லாம் ஓய்ந்து, சபாநாயகர் சபையின் முடிவைக் கேட்டதும், ‘வினா விடுக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று அச்சாகிறது. எடுத்தல் தொடக்கம், விடுத்தல் முடிவு. சபையின் பேச்சு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. ஆனால் அதே ஏட்டில் மூன்றாவதாக ஒரு வாசகமும் அடிக்கடி தலைகாட்டும். மாலையில் குறித்த மணியாகிவிடவே, சபாநாயகர் வினா விடுக்காமலே பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார் என்பது அது. மலையக மக்களின் குடியுரிமை, காணி, வீடு ஆகியவற்றின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இந்த வாசகத்தைப் போல் உதவும் சொற்றொடர் வேறில்லை என்பது என் கருத்து. அதை நிறுவ, அதிலுள்ள வினா, விடு, ஒத்தி என்னும் மூன்று சொற்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அன்றாடத் தமிழில் வினா பேச்சைத் திறப்பது. கேட்டால்தான் பதில் வரும், பதில் வந்தால்தான் பேச்சு வளரும். பாராளுமன்றத்திலோ வினா விடுக்கப்பட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். இதை ஆங்கில மரபை அப்படியே பெயர்த்ததால் வந்த குளறுபடி என்று ஒதுக்கிவிடலாம். தமிழ் இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் அப்படி ஒதுக்கத் தோன்றவில்லை. நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. சபாநாயகர் கேட்பது தெரியாததைத் தெரிந்துகொள்ளவும் அல்ல, ஐயம் நீங்கவும் அல்ல. சபையிடம் ஒரு முடிவைப் பெற்றுக்கொள்வதற்காகக் கேட்கிறார். கடைக்காரரிடம் பயறு இருக்கிறதா என்று கேட்பவர் அதை வாங்கக் கேட்பது போன்ற கொளல்வினா அது. அந்நூல் சொல்லும் எண்வகை விடைகளில் இந்த வினாவுக்குப் பொருந்துபவை இரண்டே, நேரும் மறையும். உடன்பட வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். விடை என்ற சொல்லே விடு என்ற வினையிலிருந்து வந்தது. வினாவை விடுத்தால் விடை தானாக வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைச் சொல்லின் வேரே வைத்திருக்கிறது. எங்கள் ஹன்சாட் மொழிபெயர்ப்பாளர்கள் விடுத்தல் என்று எழுதியதை நல்ல தேர்வு என்றே சொல்வேன்.

விடுக்க விடாமல் தடுப்பதற்கு உலகச் சபைகளில் பழைய வழியொன்று உண்டு, பேசிக்கொண்டே இருப்பது. அமெரிக்காவில் அதற்கு பிலிபஸ்டர் என்று பெயர். டச்சு மொழியில் கொள்ளைக்காரனைக் குறித்த சொல் பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் உருமாறி, கரீபியக் கடற்கொள்ளையரின் பெயராகி, 19ஆம் நூற்றாண்டில் சபையின் நேரத்தைக் கைப்பற்றும் உறுப்பினருக்கு வந்து சேர்ந்தது. அதை முறியடிக்கும் வழியும் ஒரு வாக்கெடுப்புத்தான். இலண்டனில் 1881 ஜனவரி 31ஆம் திகதி தொடங்கிய அமர்வை, பார்னெல் தலைமையிலான அயர்லாந்து உறுப்பினர்கள் ஒடுக்குமுறைச் சட்டமூலமொன்றை எதிர்த்து ஏறத்தாழ 41 மணி நேரம் இழுத்தார்கள். பெப்ரவரி 2ஆம் திகதி சபாநாயகர் பிராண்ட் தம் சொந்தப் பொறுப்பில் பேச்சை நிறுத்தி வினாவை விடுத்தார். அடுத்த ஆண்டே, விவாதத்தை முடிக்கும் பிரேரணை விதியாக எழுதப்பட்டது. அமெரிக்க செனட் சபை 1917இல் அதே நோக்கத்துக்கு 22ஆம் விதியை ஏற்றது. அப்போது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது, 1975 முதல் 100 பேரில் 60 பேர் போதும். 1964 ஜூன் 10ஆம் திகதி, கறுப்பின மக்களின் குடியியல் உரிமைச் சட்டமூலத்தை வாரக்கணக்கில் முடக்கிவைத்த பேச்சை 71க்கு 29 என்ற வாக்கில் செனட் முடித்துவைத்தது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை தெரிகிறது. இலண்டனில் நீண்ட பேச்சு ஒடுக்கப்பட்டவர்களின் ஆயுதம், அதை முடித்தது ஆட்சியின் பலம். வாஷிங்டனில் நீண்ட பேச்சு ஒடுக்கியவர்களின் ஆயுதம், அதை முடித்ததுதான் ஒடுக்கப்பட்டவர்களுக்கு வழி திறந்தது. பேச்சை நீட்டுவதும் நறுக்குவதும் தம்மளவில் யாருக்கும் சொந்தமல்ல. காலம் தாழ்ந்தால் எவருக்கு ஆதாயம் என்பதே கேள்வி.

கொழும்புக்கு வந்தது இலண்டன் வழி. 1947இல் அமைந்த பிரதிநிதிகள் சபையில் 101 பேர். மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் தெரிவானார்கள். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் ஆகியோர் அவர்களில் அடக்கம். 1948 ஓகஸ்ட் 4ஆம் திகதி பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். ஓகஸ்ட் 20ஆம் திகதி அது நிறைவேறியது. பதினாறு நாட்கள். மலையகத் தமிழரில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்களாவதற்கு வழி வகுத்த சட்டத்துக்கு அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட, அவர்களுடைய பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. அவர்கள் உழைத்த தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. முழுப்பேர் விழுந்ததா, அரைப்பேர்தானா என்பதே அங்கே அந்தியில் கேட்கும் கேள்வி. கொழுந்து நிறுத்த இடத்தில் பேர் இருந்தது, வாக்கு இடாப்பில் இல்லை. 1952 பொதுத் தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை.

பதினாறு நாளில் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பார்க்கும்போதுதான் ஒத்தி என்ற சொல்லுக்கு வருகிறோம். ஒற்றி என்பது பழைய வடிவம். காற்று காத்தாகி, நேற்று நேத்தாகி, ஒற்றை ஒத்தையானது போல ஒற்றி ஒத்தியாயிற்று. நிலத்தை ஒருவர் கையில் கொடுத்துப் பணம் பெறுவது ஒற்றி. பணத்துக்குத் தனியே வட்டி கிடையாது, நிலத்தின் விளைச்சலை அனுபவிப்பதே வட்டி. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் ஒத்தி ஈட்டுக்குத் தனி இடமுண்டு, இன்றும் அது சட்டச்சொல். ஒத்தி நிலத்தின் உரிமை உடையவரிடமே இருக்கும், மீட்கும் நாள் வரை பயன் மட்டும் பிறரிடம் இருக்கும். ஒத்திவைத்தல் என்று ஒரு கூட்டத்தையோ வழக்கையோ பின்னுக்குத் தள்ளுவதைச் சொல்லும்போதும் ஓசை அதுதான்.

இங்கே சொல்லாராய்ச்சியில் தேர்ந்தவர்கள் தடை எழுப்புவார்கள். அடமான ஒத்தி வேறு, தள்ளிவைக்கும் ஒத்தி வேறு, பின்னது ஒதுங்கு, விலகு என்னும் பொருளில் வழங்கும் ஒத்து என்ற வினையிலிருந்து வந்தது, இரண்டையும் குழப்பக்கூடாது என்பார்கள். தடை நியாயமானது, இரண்டும் ஒரே வேர் என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. ஆனால் தமிழ் பேசியவர்கள் இந்த இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் கேட்டிருக்கிறார்கள் என்பதற்குச் சென்னையின் வட பகுதியில் உள்ள திருவொற்றியூரே சான்று. பிரளய வெள்ளம் உள்ளே நுழையாமல் ஒற்றி, அதாவது விலகிப் போனதால் ஒற்றியூர் என்பது ஊர்ப் புராணம். ஒற்றி வைக்கப்பட்ட ஊர் என்ற பொருளை வைத்துச் சிவனை உரிமையோடு சீண்டுவது பக்திப் பாடல்களின் வழக்கம். வேர் எதுவாயினும், இரண்டு செயலுக்கும் பொதுவான கட்டமைப்பு ஒன்று இருக்கிறது. உரிமையை யாரும் மறுக்கவில்லை, ஆனால் அனுபவிக்கும் நாள் வேறொருவர் கையில் இருக்கிறது. சிங்களத்தில் ஒத்திவைப்பதைக் கல் தபனவா என்கிறார்கள். காலம் என்னும் சொல்லின் வழி வந்தது அந்தக் கல். அங்கே காலத்தை எடுத்து அப்பால் வைக்கும் செயல் மட்டும் தெரிகிறது, தமிழ்ச் சொல்லிலோ இடைப்பட்ட காலத்தின் விளைச்சல் யாருக்கு என்ற கேள்வியும் சேர்ந்து ஒலிக்கிறது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று விட்டார்கள். ஒன்றரை இலட்சம் உயிர்கள் ஒத்திவைக்கப்பட்டன என்பதை விட நேரான விவரணை இதற்கு இல்லை. பத்தாண்டு கழித்து, 1974இல், இந்திரா காந்தியுடன் செய்த உடன்பாட்டில் அவர்களை ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டார்கள். அதற்குப் பிறகும் 1986இலும் 1988இலும் சட்டங்கள் தேவைப்பட்டன. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, 1948இலிருந்து 55 ஆண்டுகள் ஓடியிருந்தன. இந்த இடைக்காலத்தில் யாரும் மேடையேறி நாட்கணக்கில் பேசித் தடுக்கவில்லை. பேசியே தடுப்பதற்குத் தமிழில் வேரூன்றிய ஒரு சொல் பிறக்காமல் போனதற்குக் காரணமும் இதுவாகவே இருக்க வேண்டும். எங்கள் சபையில் கட்சிகளுக்கு நேரம் பங்கிட்டுத் தரப்படுகிறது, குறித்த மணி வந்ததும் விவாதம் முடிகிறது. தாமதிக்க விரும்புகிறவருக்கு நீண்ட பேச்சு தேவையே இல்லை. விவாதத்தை முடிக்க விதி இருக்கிறது, தொடங்கப்படாத முடிவை முடித்துவைக்க விதி இல்லை.

சபை ஒத்திவைப்பு வேளையில் தோட்ட மக்களின் குறைகள் பேசப்படத்தானே செய்கின்றன, ஹன்சாட்டில் ஏறுகின்றனவே, அது பயன் இல்லையா என்று கேட்கலாம். பயன் உண்டு, பதிவு என்பது சிறிய காரியமல்ல. ஆனால் அந்த விவாதம் ‘பாராளுமன்றம் இப்பொழுது ஒத்திவைக்கப்படுமாக’ என்ற பிரேரணையின் மேல் நடக்கிறது. எடுத்துக்கொண்ட வினா சபை கலைவதைப் பற்றியதே தவிர, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைப் பற்றியதல்ல. மணியடித்தால் அந்த வினாவும் விடுக்கப்படுவதில்லை. இன்னொரு தடையும் வலுவானது: இத்தகைய பிரேரணைகளில் வாக்கெடுத்தால் எண்ணிக்கையில் சிறியவர்கள் தோற்பார்கள், தோல்வி பதிவாவதை விடப் பேச்சாக நிற்பது மேல் என்பார்கள். நான் மாறாக நினைக்கிறேன். வாக்கெடுப்பில் சார்பாக யார், எதிராக யார் என்று பெயர் விழுகிறது. எதிராக வாக்களித்தவர் அடுத்த தேர்தலில் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ வந்து தம் பெயருக்குப் பதில் சொல்ல வேண்டும். 1948இல் தோற்றவர்களுக்கு அந்தப் பதிவாவது மிஞ்சியது, யார் கை எதற்காக உயர்ந்தது என்று இன்றும் எடுத்துக்காட்ட முடிகிறது. ஒத்திவைப்பில் அதுவும் இல்லை. மறுத்தவர் என்று ஒருவரும் இல்லாத மறுப்பு அது. விவாதத்தை முடிக்கும் பிரித்தானிய விதியே, சிறுபான்மையினரின் உரிமையை மீறுவதாயின் சபாநாயகர் அதை ஏற்கலாகாது என்று ஒரு காப்பை வைத்திருக்கிறது. பேச்சை அவசரமாக முடிப்பதிலிருந்து காக்கத் தெரிந்த சட்ட அறிவு, முடிவைத் தாழ்த்துவதிலிருந்து காக்கவும் வழி காண முடியும். அபாய நிலத்திலுள்ள குடியிருப்புகள் போன்ற உயிர்ப் பிரச்சினைகளில் ஒத்திவைப்பு விவாதம் நடந்தால், இத்தனை நாளுக்குள் உரிய பிரேரணை கொண்டுவரப்பட்டு வினா விடுக்கப்பட வேண்டும் என்று நிலையியற் கட்டளையில் ஒரு வரி சேர்ப்பது நடக்காத காரியமல்ல.

அப்படி ஒத்திவைக்கப்பட்ட உயிர்ப் பிரச்சினை ஒன்று உண்டு. ஹல்துமுல்லப் பிரிவில், கொஸ்லாந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தத் தோட்டத்தின் பெயரில் வரும் பெத்த என்ற ஈறு சிங்களத்தில் காட்டைக் குறிக்கும். காட்டை வெட்டித் தேயிலை நட்ட சரிவில் லயங்கள் இருந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது, குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் மறுபடி 2011இலும் எச்சரித்திருந்தது. சொன்ன பிறகும் மக்கள் போகவில்லை என்று பின்னால் ஒரு பேச்சு எழுந்தது. போவதற்கு அவர்களுக்கு ஒரு துண்டுக் காணி எழுதிக் கொடுக்கப்பட்டிருந்ததா, கூரையோடு ஒரு வீடு காட்டப்பட்டிருந்ததா என்று கேட்காமல் அந்தப் பேச்சை ஏற்க முடியாது. லயத்தின் சுவர் கூடத் தங்களுடையது என்று சொல்ல முடியாதவர்கள், நாளைய பேரையும் விட்டுவிட்டு எங்கே நடப்பது? முதல் எச்சரிக்கைக்கும் மண்சரிவுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டும் சரிவில் தேயிலை துளிர்த்தது, கொழுந்து நிறுக்கப்பட்டது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கியது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைய ஒரு நாள் இருந்தது. லயங்கள் வரிசையோடு மண்ணுக்குள் போயின, பலருடைய உடலும் கிடைக்கவில்லை. உயிர் தப்பியவர்களுக்கு மாக்கல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். அவர்களை இடம் மாற்ற வேண்டுமா என்ற வினா 2005இலேயே எடுத்தியம்பப்பட்டிருந்தது. வேண்டாம் என்று எதிராகக் கை உயர்த்தியவர் பெயர் எந்த ஏட்டிலும் தேடிக் கிடைக்காது.