காளத்திக் கோழியின் குருதி

காளத்தி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கண்ணப்பர் கதையும் பொன்முகலியாறுமே. அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய நாட்டுக்கோழி இனம் ஒன்றும் உண்டு. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் அதனைத் தனியினமாகப் பதிந்துள்ளது.

1927-இல் குமாயூன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் கண்ட கொள்ளைநோயை நாம் வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். அது புகுந்தால் கூடு காலியாகும்; சிற்சில வேளை ஒன்றிரண்டு பிழைக்கும். காரணங்கள் பல, ஒன்று குருதியில் உள்ளது. 1950-இல் அமெரிக்காவில் பிரைல்ஸ் முதலிய அறிஞர் கோழிக்குருதியில் ‘பி’ என்னும் பிரிவை விளக்கினர். 1961-இல் ஷியர்மன், நார்ட்ஸ்காக் இருவரும் தோல் ஒட்டிப் பார்த்து, அயல் தோலை உடல் ஏற்பதும் தள்ளுவதும் அப்பிரிவையே பொறுத்தவை எனக் காட்டினர். குருதி அடையாளம் என எண்ணியது நோயெதிர்ப்பு மரபணுக் கூட்டமாக முடிந்தது! அதன் வகைகளுள் ‘பி21’ உடைய கோழிகள் மாரெக் நோயைப் பெரிதும் தாங்குகின்றன. வேறு நோய்க்கு வேறு வகை உதவக்கூடும்.

புழக்கடையில் மேயும் கூட்டத்தில் இவ்வகைகள் பல கலந்திருக்கும். முட்டைக்கென்றே தேர்ந்து பெருக்கிய பண்ணையினங்களில் அவை சுருங்கும். பண்ணைச் சேவலை ஊருக்குள் விட்டால் முட்டை மிகலாம். பழைய வகைகளோ சில தலைமுறைகளில் மறையக்கூடும். ஆதலின் சேவலை மாற்ற விரும்பும் காளத்தி வட்டாரத்தார் அடுத்த ஊர் நாட்டுச்சேவலையே தேடுதல் நன்று என்போம்.