அசல் மாயாவி யார்?

ஒரு சின்ன சோதனை. ‘மாயாவி’ என்று சொன்னதும் உங்கள் மனசில் என்ன படம் ஓடுகிறது?

ஆளைக் காணோம், ஒரு இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதந்து வருகிறது என்றால், நீங்கள் முத்து காமிக்ஸ் கட்சி. முகமூடி, மண்டையோட்டு மோதிரம், வெள்ளைக் குதிரை, கூடவே ஓர் ஓநாய் என்றால், சந்தேகமே வேண்டாம், ராணி காமிக்ஸ் கட்சி. இரண்டுமே ஓடவில்லையா? சின்ன வயசில் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்த புண்ணியவான் நீங்கள். ஆனாலும் தொடர்ந்து படிக்கலாம், தப்பில்லை.

நான் ராணி கட்சி. என் நண்பன் முத்து கட்சி. களம், சேத்துப்பட்டு.

சென்னைவாசிகள் உடனே ஸ்பர்டாங்க் ரோடு பக்கம் போய்விட வேண்டாம். இது திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு. ஆரணி, போளூர், வந்தவாசி, செஞ்சி என்று நாலு பக்கமும் பஸ் பிரிகிற ஊர். மாதா கோயில் பிரசித்தம். அதைவிட்டால் தறிச் சத்தம். ஆரணிப் பட்டு என்று நீங்கள் கட்டுகிற புடவையில் ஒரு பங்கு இந்தப் பக்கத்து வீடுகளில் நெய்ததாக இருக்கும்.

நண்பன் தறிக்காரர் வீட்டுப் பையன். ஏழாம் வகுப்பு படிக்கும்போதே சாயங்காலம் அப்பாவுக்குக் கைமாற்றாகத் தறியில் உட்காருவான். நான் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து காமிக்ஸை உரக்கப் படிக்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம். பெட்டிக்கடையில் க்ளிப் போட்டுத் தொங்குகிற ராணி காமிக்ஸ் என் வீட்டில் வாங்குவார்கள். அவனிடம் இருந்தது ஒரே ஒரு பழைய முத்து காமிக்ஸ். மாமா வீட்டிலிருந்து வந்தது. அட்டை பிய்ந்து, சைக்கிள் ட்யூப் ஒட்டுகிற சொல்யூஷன் போட்டு ஒட்டப்பட்டது.

1993 வாக்கில் ஒரு நாள், ராணி காமிக்ஸில் ‘முகமூடி வீரர் மாயாவி’ கதையை நான் படிக்க ஆரம்பித்ததும் தறி நின்றது.

‘‘இன்னாடா பேசற நீ? இவரு மாயாவி இல்ல. இவரு வேதாளர். எங்க மாமா வெச்சிருந்த முத்து காமிக்ஸ்ல வேதாளர்னுதான் போட்டிருந்தது. மாயாவின்னா இரும்புக்கை.’’

‘‘புக்குலயே மாயாவின்னு போட்டிருக்கே!’’

‘‘பேர் போட்டா ஆளு மாறிடுவானா?’’

சண்டை நாலு நாள் நடந்தது. இடையில் அவன் சொன்ன ஒரு வாதம் இன்னும் காதில் இருக்கிறது. ‘‘எந்த முதலாளி பாவு கொடுக்கிறாரோ அவருக்குத்தான் எங்கப்பா நெய்வாரு. நடுவுல மாத்தினா மரியாதை இல்ல.’’ அவன் வீட்டுக்கு ஆரணியிலிருந்து பாவும் ஜரிகையும் வந்தன. புடவையை நெய்து அங்கேதான் கொடுக்க வேண்டும். காமிக்ஸுக்கும் அதே தர்மம் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

யார் சொன்னது சரி? வாருங்கள், ஃபைலைப் புரட்டுவோம்.

1962. லண்டனில் ‘வேலியன்ட்’ என்று ஒரு சிறுவர் வாரப் பத்திரிகை தொடங்குகிறது. அதில் லூயிஸ் கிராண்டேல் என்று ஒரு ஆய்வக உதவியாளன். விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பொருத்தியிருக்கிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். கை மட்டும் தெரியும். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆரம்பத்தில் கிராண்டேல் நல்லவன் இல்லை, வில்லன்! பிற்பாடுதான் திருந்தி உளவாளி ஆனான்.

பத்து வருஷம் கழித்து, 1972 ஜனவரியில் இந்த ஆசாமி சிவகாசிக்கு வந்து சேர்ந்தார். சௌந்தரபாண்டியன் என்ற பதிப்பாளர் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழின் தலைப்பே ‘இரும்புக்கை மாயாவி’. லண்டன் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயரில் கை மட்டும்தான் இருந்தது. ‘மாயாவி’ என்பது நம்ம ஊர்ச் சேர்க்கை. அந்த ஒரு வார்த்தை தமிழ்நாட்டுப் பையன்களைக் கட்டிப் போட்டுவிட்டது.

ஆக, தேதிப்படி பார்த்தால் நண்பன் ஜெயித்துவிட்டான் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். என் கட்சிக்காரர் அவருக்கும் சீனியர்.

முகமூடிக்காரரை அமெரிக்காவின் லீ ஃபாக் 1936-ல் உருவாக்கினார். கதை என்ன? கடற்கொள்ளையரால் அப்பாவைப் பறிகொடுத்த ஒருவன், மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்து முகமூடி அணிகிறான். அவனுக்குப் பின் மகன், பேரன் என்று 400 வருஷமாக ஒருவர் மாற்றி ஒருவர் அதே உடுப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். நாம் படிப்பது 21-ஆவது ஆள். காட்டுவாசிகளுக்கோ அவர் சாவே இல்லாதவர். ஆள் மாறிக்கொண்டே இருக்க, பெயர் மட்டும் தொடர்கிற கதை இது. நண்பனிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பாயின்ட். எனக்குத் தோன்றவில்லை.

இந்தியாவில் இவரைப் பிரபலமாக்கியது டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸ். 1964 மார்ச்சில் ஆரம்பம். பிற்பாடு தமிழிலும் வந்தது. ஆனால் அங்கேயே ஒரு சிக்கல். மூலக் கதையில் முகமூடிக்காரர் வாழ்கிற நாட்டின் பெயர் நம்ம வங்காளத்தை ஞாபகப்படுத்தியது. கடற்கொள்ளையர் பெயர் ‘சிங்’. அப்பாவைக் கொன்ற வில்லனின் பெயர்... ராமா! இந்தியாவில் அதை அப்படியே அச்சடித்தால் என்ன ஆகும்? நாடு ‘டெங்காலி’ ஆயிற்று. சிங் ‘சிங்கா’ ஆனார்கள். ராமா, ‘ராமலு’ ஆனார். விஷயம் முடிந்தது.

அதாவது சார், நாம் படித்த காமிக்ஸ் உலகத்தில் பெயர் என்பது எப்போதுமே இறக்குமதி செய்த இடத்தில் ஒட்டுகிற லேபிள்தான்.

இனி 1984 ஜூலை. தமிழ் காமிக்ஸ் சரித்திரத்தில் முக்கியமான மாதம். ஒரே மாதத்தில் இரண்டு புதுக் கடைகள் திறந்தன. சிவகாசியில் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், இருபது வயதுகூட ஆகாத இளைஞர், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அந்தப் பக்கம் தினத்தந்தி குடும்பத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டின் ‘அழகியைத் தேடி’யோடு இறங்கியது. விலை ஒன்றரை ரூபாய். தினத்தந்தி போகிற ஊருக்கெல்லாம் ராணி காமிக்ஸும் போகும் என்றால் எங்கள் பெட்டிக்கடைக்கு வராதா? சிவகாசிச் சரக்கு எங்கள் ஊருக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நான் ராணி கட்சியில் சேர்ந்ததில் கொள்கையெல்லாம் ஒன்றும் கிடையாது. கடைக்காரர் எதைத் தொங்கவிட்டாரோ, அதுதான் என் கொள்கை.

1990-ல் இந்திரஜால் நின்றுபோனது. 90-களில் முகமூடிக்காரர் ராணி காமிக்ஸில் ‘மாயாவி’யாக வலம் வந்தார். ஏன் அந்தப் பெயர்? நான் பி.காம் படித்தவன், வியாபாரக் கண்ணால் ஒன்று சொல்கிறேன். ‘குட்வில்’ என்று ஒரு பாடம் உண்டு. நிலம், கட்டடம், மெஷின் எல்லாவற்றையும் கணக்கு எழுதிய பிறகு, கண்ணுக்குத் தெரியாத ஒரு சொத்து மிஞ்சும். கடையின் பேர். 1972-லிருந்து தமிழ்நாட்டில் ‘மாயாவி’ என்ற சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு சேர்ந்திருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டாலே பையன் காசை எடுப்பான். நான் எடுத்தேனே!

இந்த மாதிரி குளறுபடி நமக்கு மட்டும்தானா? இல்லை. அமெரிக்காவில் டி.சி., மார்வெல் என்று இரண்டு கம்பெனிகள். அங்கே ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொள்வதைப் பார்த்தால் நம்ம ஊர் எம்.ஜி.ஆர். - சிவாஜி சண்டை தோற்றுவிடும். ‘போன மாசம் ஒரு மாதிரி சொன்னீர்கள், இந்த மாசம் வேறு மாதிரி சொல்கிறீர்களே’ என்று கடிதம் குவியும். மார்வெலின் ஸ்டான் லீ ஒரு வேலை செய்தார். தப்பைக் கண்டுபிடித்து, அது ஏன் தப்பில்லை என்று விளக்கமும் சொல்கிற வாசகருக்குப் பரிசு அனுப்பினார். கவரைப் பிரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. காலி! அந்தக் காலிக் கவரை வாங்கவே போட்டி. டி.சி. கம்பெனியோ, ஐம்பது வருஷக் கதைச் சிக்கலைத் தீர்க்க 1985-ல் ஒரு தொடரே போட்டு, பல உலகங்களையும் சில ஹீரோக்களையும் தீர்த்துக் கட்டியது.

சேத்துப்பட்டில் அந்த வசதி இல்லை. எங்களுக்கு வருகிற புத்தகத்தில் பாதி நடுப்பக்கம் இருக்காது. தொடர்கதை என்றால் மூன்றாம் பாகம் கிடைக்கும், இரண்டாம் பாகம் கிடைக்காது. நண்பன்தான் இட்டு நிரப்புவான். தறியில் பாவு தீர்ந்தால், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாக முடிந்து சேர்ப்பார்கள். அதே பொறுமையோடு கதையையும் முடிந்து சேர்ப்பான். ‘‘நடுவுல இது நடந்திருக்கணும்டா. இல்லன்னா இவன் கையில கட்டு எப்படி வந்தது?’’ பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இதில் ஒரு கூத்து. எங்கள் சண்டைக்குக் காரணமான ஹீரோக்கள் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? இரும்புக்கை வந்த ‘வேலியன்ட்’டும், லயனில் நாம் ரசித்த ஸ்பைடர் பிறந்த ‘லயன்’ என்ற லண்டன் பத்திரிகையும் ஒரே கம்பெனிச் சரக்கு. 1974-ல் ‘லயன்’ விற்காமல் போக, அதை ‘வேலியன்ட்’டுக்குள் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் ‘வேலியன்ட்’டும் இன்னொரு பத்திரிகைக்குள் மறைந்தது. அங்கே செத்துப்போன பத்திரிகைகளின் ஹீரோக்களுக்காக இங்கே நாங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டிருந்தோம்.

பிறகு சமாதானம் ஆயிற்று. பண்டமாற்று. என் ராணி காமிக்ஸ் ஐந்து அவனுக்கு, அவனுடைய ஒரே முத்து காமிக்ஸ் எனக்கு. ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. அவன் ஐந்தையும் சரியாகக் கொடுத்தான். நான் கொடுக்கவில்லை. நாளை, மறுநாள் என்று இழுத்து, கடைசியில் எங்கள் வீட்டுப் பழைய பேப்பர் கட்டோடு அது எடைக்குப் போயிற்று. ‘‘தொலைஞ்சிடுச்சுடா’’ என்று பொய் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் முழுநேரமாக உட்கார்ந்தான். நான் பட்டணம் வந்தேன்.

கணக்கை முடிப்போம். ராணி காமிக்ஸ் 500 இதழ்களைத் தொட்டு 2005-ல் நின்றது. என் கட்சி கலைந்தது. சிவகாசிக் கட்சியும் இடையில் தள்ளாடி, 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் கலர், பளபள தாள் என்று திரும்பி வந்தது. கைதூக்கி விட்டது யார்? பெட்டிக்கடை இல்லை. அந்தக் காலத்தில் சண்டை போட்ட அதே பையன்கள். தலை நரைத்து, சம்பளம் வாங்கி, முன்கூட்டியே சந்தா கட்டுகிறார்கள். பாகம் பாகமாக வந்து பல வருஷம் ஏங்கவைத்த ‘இரத்தப் படலம்’ கதையின் 18 பாகங்களையும் 2010-ல் ஒரே தடிப் புத்தகமாக வரவழைத்ததும் இந்தப் பிடிவாதம்தான். இன்றைக்கும் டெக்ஸ் வில்லர் பெரியவரா, கேப்டன் டைகர் பெரியவரா என்று அடிதடி நடக்கிறது. நடக்கட்டும். சண்டை போட ஆள் இருக்கிறவரை புத்தகம் வரும்.

சில வருஷங்களுக்கு முன் புத்தகக் கண்காட்சியில் இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்பு ஒன்று கண்ணில் பட்டது. வாங்கினேன். சேத்துப்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

நண்பன் இன்னும் தறியில்தான் இருக்கிறான். புத்தகத்தை நீட்டி, எடைக்குப் போட்ட கதையைச் சொன்னேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கிப் புரட்டினான். ஒவ்வொரு பக்கமாக. காபி ஆறிப்போனது.

‘‘தொலைக்கலன்னு அப்பவே தெரியும். உனக்குப் பொய் சொல்ல வராது’’ என்றான். அப்புறம் நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:

‘‘அது கிடக்கட்டும். இவருதான் அசல் மாயாவி. இப்பவாவது ஒத்துக்கறியா?’’

ஒத்துக்கொண்டேன். வட்டியோடு சேர்த்துக் கட்டவேண்டிய பாக்கி அது.