கடல் கடந்த தாளங்கள் - 14: தெமிஸின் தோழன் டியானி

துருக்கி ட்ரம்ஸ் கலைஞர் ஓக்காய் தெமிஸ் 1974-இல் 'ஓரியண்டல் விண்ட்' குழுவைத் தொடங்கிய கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அதற்குமுன் ஜானி டியானியைப் பற்றிப் பேசாமல் நகர மனம் வரவில்லை.

1969 நவம்பரில் அங்காராவின் அமெரிக்கத் தூதரகத்தில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டான் செர்ரி ட்ரம்பெட் வாசித்த கச்சேரி வாசகர்களுக்கு நினைவிருக்கும். துருக்கி நாட்டுப்புற மெட்டுகளை அன்று செர்ரி வாசிக்க, ட்ரம்ஸில் இருந்தவர் தெமிஸ். துருக்கியர் ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தை இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். நம் கர்நாடக இசைச் சங்கீர்ணத்தின் நான்கு, ஐந்திலிருந்து அது வேறு நடை. கடைசி மூன்றில்தான் ஆட்டக்காரனின் கால் சற்றே தாமதித்துத் தரையைத் தொடும். தர்புகா, தாவுல் என்னும் தோல் கருவிகள் காலங்காலமாகச் சுமந்துவந்த அந்த நடையைத் தெமிஸ் ஜாஸ் ட்ரம்ஸுக்கு மாற்றினார். ஜாஸ் மேல் துருக்கிச் சாயம் பூசினார் என்று எழுதுகிறவர்கள் அவரைச் சரியாகக் கேட்கவில்லை.

இந்த ஒன்பதுக்கு ஈடுகொடுக்க ஒரு பாஸ் கலைஞர் வேண்டுமே! அவர்தான் டியானி. 1964-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து அவர் உட்பட ஆறு பேர் பிரான்ஸின் ஆன்டிப் ஜாஸ் விழாவுக்குக் கிளம்பினார்கள். குழுவின் பெயர் 'ப்ளூ நோட்ஸ்'. பியானோவில் வெள்ளையரான கிறிஸ் மக்ரெகர், மற்ற ஐவரும் கறுப்பர்கள். சேர்ந்து ஒரே மேடையில் வாசிப்பதையே நிறவெறி அரசு குற்றமாக்கி வைத்திருந்தது. விழாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. இப்படிப்பட்ட கலைஞர்களை விரட்டிய அந்த ஆட்சியை இசை வரலாறு ஒருநாளும் மன்னிக்கக் கூடாது.

நாடிழந்த டியானி ஒரு சிறு சொற்கட்டைப் பிடித்துக்கொண்டு பாஸில் சுற்றிச் சுற்றி வருவார், சலிக்கவே சலிக்காது. அடித்தளம் அப்படி அசையாமல் நிற்பதால் தெமிஸின் கைகளுக்கு முழுச் சுதந்திரம். 1971-இல் பாரிஸில் செர்ரியோடு இருவரும் வாசித்தது 'ப்ளூ லேக்' இசைத்தட்டாக வந்தது. மறு ஆண்டு ஸ்வீடனில், ப்ளூ நோட்ஸின் ட்ரம்பெட் கலைஞர் மொங்கேசி ஃபெசாவும் சேர, 'மியூசிக் ஃபார் சாபா' பிறந்தது. இஸ்தான்புல்லும் தென்னாப்பிரிக்காவும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட இசை அது. என் கணக்கில் செர்ரியோடு வாசித்தவற்றையும் மிஞ்சிய பதிவு. ஃபெசா 1975-இல் லண்டனில் நிமோனியாவில் இறந்தபோது வயது முப்பதுதான்.

பக்கம் தீர்ந்துவிட்டது. ஓரியண்டல் விண்ட் அடுத்த வாரம். அதற்குள் 'மியூசிக் ஃபார் சாபா'வை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுங்கள்.