பழைய ஃபஸ் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் 1966-இல் கிட்டார் ஒலியைச் சிதைத்து உறுமவைக்கும் ‘ஃபஸ் ஃபேஸ்’ என்ற பெடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வட்டமான உலோகப் பெட்டி. அடிமூடியைக் கழற்றினால் இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு கட்டுப்பாட்டுத் திருகு, ஒரு 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கிட்டார் உறுமியது இந்தச் சின்னச் சுற்றின் வழியாகத்தான். அந்தக் காலத்து அசல் பெடலுக்கு இன்று சேகரிப்பாளர்கள் புதியதைவிடப் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். அந்த விலைக்கு ஏற்ற ஒலி அதில் உண்டா?

விடை அந்த இரண்டு டிரான்சிஸ்டர்களில் இருக்கிறது. தொடக்கப் பெடல்களில் இருந்தவை என்கேடி275 போன்ற ஜெர்மானியம் வகை. ஒரே எண் பொறித்த இரண்டை எடுத்து அளந்தாலும் பெருக்கும் திறன் வெகுவாக வேறுபடும். சிலவற்றில் மின்னோட்டம் கசியும். சூடேறினால் கசிவு கூடும். மாலையில் கனிந்து ஒலித்த பெடல், மேடை விளக்குகளின் வெக்கையில் திணறத் தொடங்கும். அதனால்தான் ஒரே ஆண்டில் செய்த இரு பெடல்கள் அண்ணன் தம்பி போலக்கூட ஒலிக்கவில்லை. ஹென்ட்ரிக்ஸுக்கு ரோஜர் மேயர் என்ற தொழில்நுட்பக் கலைஞர் சுற்றுகளைத் திருத்திக் கொடுத்தார். இசைத்தட்டுகளில் நாம் கேட்பது பொறுக்கி எடுத்த, திருத்திய பெடல்களை. சோடை போனவை யார் நினைவிலும் இல்லை.

1960-களின் இறுதியில் ஃபஸ் ஃபேஸில் சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் வந்தன. சூட்டுக்கு அசையாதவை, பெருக்கமும் அதிகம். ஒலி பளிச்சென்று கூர்மையானது. ஜெர்மானியத்தின் மென்மைக்குப் பழகிய காதுக்கு அது கீறலாகத்தான் படும். இந்த வேறுபாடு உண்மையானது. ஆனால் அது மூலப்பொருளின் வேறுபாடு, வயதால் வந்தது அல்ல.

இன்னொன்றும் உண்டு. ஃபஸ் ஃபேஸைக் கிட்டாரில் நேரடியாகச் சொருகி, கிட்டாரின் வால்யூம் திருகைக் கொஞ்சம் குறைத்தால், இரைச்சல் வடிந்து கண்ணாடி போன்ற தெளிவு வரும். இடையில் ‘பஃபர்’ என்ற இடைநிலைச் சுற்று உள்ள வேறொரு பெடலை வைத்தால் அந்த அழகு போய்விடும். புதுப் பெடலைக் குறை சொல்லுமுன் வரிசையை மாற்றிப் பார்ப்பது நல்லது.

பழையதா புதியதா என்ற கேள்வியில், ஐபனெஸ் நிறுவனத்தின் ‘டியூப் ஸ்க்ரீமர்’ என்ற இன்னொரு பெடலின் கதை இதைவிடத் தெளிவு. 1970-களின் இறுதியில் வந்த டிஎஸ்808-க்கும் பின்னால் வந்த டிஎஸ்9-க்கும் சுற்றில் முக்கிய வேறுபாடு வெளியீட்டுப் பக்கத்து இரண்டு ரெசிஸ்டர்கள். சில ரூபாய்ப் பொருள்; சாலிடரிங் தெரிந்தவர் ஒரு மாலையில் மாற்றிவிடலாம்.

இன்று அக்கறையாக ஃபஸ் செய்பவர்கள் ஒவ்வொரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் பெருக்கத்தையும் கசிவையும் அளந்து ஜோடி சேர்க்கிறார்கள். சூட்டுக்கேற்ப மின்னழுத்தத்தைச் சரிசெய்யத் தனித் திருகும் வைக்கிறார்கள். குளிர்ந்த அறையில் ஒத்திகை பார்த்துவிட்டு வெயில் மேடை ஏறுகிற கலைஞருக்கு அது கைகொடுக்கும். 1966-இன் அசலில் அந்தத் திருகு கிடையாது.