சிறை வாசலில் இரண்டு படங்கள்

சிறையைப் பற்றி வந்த இரண்டு படங்களையும் அவற்றுக்குப் பின்னால் உள்ள வரலாற்றையும் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதல் படம், 1957இல் வி. சாந்தாராம் இயக்கி நடித்த 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்'. 'இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள்' என்று பொருள். கண்கள் சிறை அதிகாரியுடையவை. கைகள் ஆறு கொலைக் குற்றவாளிகளுடையவை. அந்த அதிகாரி ஆறு பேரையும் சிறையிலிருந்து ஒரு தரிசு நிலத்துக்கு அழைத்துப்போய், விவசாயம் செய்து மனிதர்களாக வாழ விடுகிறார். நம்மில் மூத்தவர்கள் இதே கதையைத் தமிழில் பார்த்திருப்பீர்கள். 1975இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த 'பல்லாண்டு வாழ்க' அதுதான்.

இதை வெறும் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைய மகாராஷ்டிரத்தில் ஔந்த் என்றொரு சிறிய சமஸ்தானம் இருந்தது. போலந்து நாட்டுப் பொறியாளரும் காந்தியடிகளின் அன்பருமான மாரிஸ் ஃபிரிட்மன் அதன் மன்னரிடம் கேட்டுக்கொள்ள, 1939இல் அங்கே 'சுதந்திரபூர்' என்ற திறந்தவெளிச் சிறை தொடங்கப்பட்டது. சுற்றுச்சுவர் கிடையாது. கைதிகள் குடும்பத்தோடு தங்கி நிலத்தில் உழைத்தார்கள். சாந்தாராம் படத்துக்கு வித்து இதுவே. இந்த ஃபிரிட்மன் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியிடம் வந்துபோனவர் என்பது நமக்குக் கூடுதல் செய்தி.

இரண்டாவது படம், 2021இல் வந்த 'ஜெய் பீம்'. அதன் முதல் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தண்டனை முடிந்தவர்கள் கிளைச் சிறையிலிருந்து வெளியே வருகிறார்கள். வாசலிலேயே ஒவ்வொருவரிடமும் சாதி கேட்கப்படுகிறது. சிலரை வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். இருளர் போன்றவர்களைத் தனியே நிறுத்தி, தீராத பழைய வழக்குகளை அவர்கள் தலையில் கட்டுவதற்காகப் போலீசார் பங்கு போட்டு அழைத்துப்போகிறார்கள்.

இதற்கும் வரலாறு உண்டு. 1871இல் ஆங்கிலேயர் குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் 'ரேகைச் சட்டம்' என்பார்களே, அதுதான். பட்டியலில் உள்ள சமூகத்தில் பிறந்தவர் கைரேகை வைக்க வேண்டும். காவல் நிலையத்துக்குத் தன் இருப்பைத் தெரிவிக்க வேண்டும். குற்றம் செய்தாரா என்பது கேள்வியே இல்லை, பிறப்பே போதும். இதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் பலர் 1920இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுவதும் 1952லும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் அந்த இடத்தில் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள் வந்து உட்கார்ந்தன. சந்தேகப்படும் பழக்கமும் போகவில்லை. 1993இல் கடலூர் பக்கம் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். வழக்கறிஞராக இருந்த, பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு அந்த வழக்கை நடத்தினார். 'ஜெய் பீம்' அதிலிருந்து எடுக்கப்பட்டது; படத்தில் அவரை இருளராகக் காட்டினார்கள்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படம் கேட்பது: 'கொலை செய்தவனையும் நம்பலாமா?' பதில்: 'நம்பலாம்.' இரண்டாவது படம் கேட்பது: 'ஒன்றும் செய்யாதவனை ஏன் நம்ப மறுக்கிறீர்கள்?' முதலாவதில் கைதி திருந்த வேண்டும். இரண்டாவதில் திருந்த வேண்டியது சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்களும், பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நாமும்.

இரண்டாவது கேள்விதான் இன்று அவசரமானது என்பேன். 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 5.73 லட்சம் பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். திறந்தவெளிச் சிறையோ தண்டனை பெற்று நன்னடத்தை காட்டியவர்களுக்கு உரியது. ஜாமீனுக்கு ஆள் இல்லாத ஏழைக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறைக்குள் சாதி பார்த்து வேலை ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றும், சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான பகுதியே இருக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. சுதந்திரம் வந்து 77 ஆண்டுகள் கழித்து இதைச் சொல்ல வேண்டியிருந்தது!

பிள்ளைகளே, உங்களில் காவல்துறையில் இருப்பவர்கள் உண்டு, வழக்கறிஞர்கள் உண்டு, ஆசிரியர்களும் உண்டு. வகுப்பில் ஒரு பொருள் காணாமல் போனால் நம் கண் முதலில் யார் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். சிறை வாசலில் நடப்பது அங்கேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு படங்களையும் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு என்ன தோன்றியது என்று எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.